உவர் மண்ணில் பயிரின் சுவாசக் கணக்கு

உப்பு மிகுந்த மண்ணில் வளரும் பயிரின் சுவாசம் கூடுகிறதா, குறைகிறதா என்ற கேள்விக்கு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகள் இரண்டு விடைகளையும் தந்திருக்கின்றன. ஒரு பயிரின் வேரில் கூடியது மற்றொன்றின் வேரில் குறைந்திருக்கிறது; முதல் சில மணி நேரங்களில் உயர்ந்த சுவாசம் இரண்டு வாரங்களில் தாழ்ந்திருக்கிறது; ஒரே செடியின் இளம் இலையும் முதிர்ந்த இலையும் எதிரெதிரான போக்கைக் காட்டியிருக்கின்றன. இதை அளவீட்டுக் குளறுபடி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு செடி உட்கொள்ளும் ஆக்சிஜனை மொத்தமாக அளந்து ‘சுவாசம்’ என்று ஒரே எண்ணாக எழுதும்போது, வளர்ச்சிக்காக எரிக்கப்பட்ட சர்க்கரை, உயிர்பிழைக்க எரிக்கப்பட்ட சர்க்கரை, உப்பை வெளியே தள்ள எரிக்கப்பட்ட சர்க்கரை, எந்தப் பயனும் தராமல் வெப்பமாகப் போன சர்க்கரை ஆகிய நான்கும் அந்த எண்ணுக்குள் கலந்துவிடுகின்றன. உப்பு இந்த நான்கையும் வெவ்வேறு திசைகளில் இழுக்கிறது. உப்பைத் தாங்கும் திறன் என்பது பெருமளவு ஆற்றலை எங்கே செலவழிப்பது என்ற கேள்விதான் என்ற நோக்கில் பார்த்தால், முரணாகத் தோன்றும் முடிவுகளில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

முதலில் அளவைச் சொல்லிவிடலாம். மண்ணை நீரால் நிறைத்து வடித்த கரைசலை எடுத்து அதன் மின்கடத்துத்திறனை அளப்பது வழக்கம்; உப்பு கூடினால் அதுவும் கூடும். அது மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் மண் என்பது, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள ரிவர்சைட் உவர்நில ஆய்வகம் 1954இல் வெளியிட்ட கையேட்டின் வழியாக உலகெங்கும் பரவிய வரையறை. கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50. நெல்லின் விளைச்சல் 3 டெசிசீமன்ஸிலேயே சரியத் தொடங்கி, அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 12 விழுக்காடு வீழ்கிறது. பார்லியோ 8 வரை தாக்குப்பிடித்து, பிறகு அலகுக்கு 5 விழுக்காடுதான் இழக்கிறது. இக்கட்டுரையில் பேசப்படுவது உவர் மண்ணைப் பற்றி மட்டுமே. களர் மண்ணில் சோடியம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு மண்ணின் கட்டமைப்பையும் காரத்தன்மையையும் கெடுக்கிறது. அங்கே பயிர் படும் பாடு வேறு, ஜிப்சம் போன்ற மருந்தும் வேறு.

உப்பு பயிரை இரண்டு கட்டங்களில் தாக்குகிறது. முதல் தாக்குதல் சில நிமிடங்களில் தொடங்குவது. அதற்கும் சோடியத்தின் நச்சுத்தன்மைக்கும் தொடர்பில்லை. மண்நீரில் கரைபொருள் கூடியதால் வேருக்குள் நீர் நுழைவது கடினமாகிறது. இலைத்துளைகள் பாதி மூடுகின்றன. புதிய இலைகள் விரிவது தடைப்படுகிறது. இரண்டாம் தாக்குதல் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நடப்பது: சோடியமும் குளோரைடும் இலைகளில் சேர்ந்து, முதிர்ந்த இலைகளை நுனியிலிருந்து கருகச் செய்கின்றன. ஒரு பயிர் உறிஞ்சும் நீரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான் அதன் உடலில் தங்குகிறது, மீதி இலைவழியே ஆவியாகிவிடுகிறது. மண்நீரிலுள்ள உப்பு அப்படியே நீரோடு வந்தால் இலையில் அது ஐம்பது மடங்கு அடர்ந்துவிடும். எனவே இலையின் உப்புச் செறிவு மண்நீரின் செறிவைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால், வேர் வரும் உப்பில் 98 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். பெரும்பாலான பயிர்கள் இந்த எல்லைக்கு அருகிலேயே இயங்குகின்றன. இதற்கு ஆகும் செலவில்தான் சுவாசத்தின் கதை தொடங்குகிறது.

வேர்ச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் தன்மை கொண்டது. நேர்மின் அயனியான சோடியம் உள்ளே நுழைய யாருடைய உதவியும் தேவையில்லை. திறந்த வாயில் ஒன்று இருந்தால் போதும். வெளியேற்றுவதற்குத்தான் உழைப்பு வேண்டும். செல்லின் வெளிச்சவ்விலுள்ள ‘சாஸ்1’ என்னும் புரதம், வெளியிலிருந்து ஒரு புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) உள்ளே விட்டு அதற்கு ஈடாக ஒரு சோடியத்தை வெளியே தள்ளுகிறது. உள்ளே வந்த புரோட்டானை மறுபடியும் வெளியேற்ற, புரோட்டான் பம்பு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழிக்கிறது. வெளியேற்ற முடியாத சோடியத்தைச் செல்லின் நடுவிலுள்ள வாக்குவோல் என்னும் நீர்ப்பைக்குள் பூட்டி வைக்கும் ‘என்.எச்.எக்ஸ்’ வகைப் புரதங்களும் இதே முறையில், வாக்குவோல் சவ்வின் பம்புகள் உருவாக்கும் புரோட்டான் வேறுபாட்டை நம்பியே இயங்குகின்றன. இவ்வளவோடு முடிந்தால் பரவாயில்லை. வெளியேற்றிய சோடியம் சற்று நேரத்தில் மீண்டும் உள்ளே கசிகிறது, மீண்டும் வெளியேற்றப்படுகிறது. ஓட்டைப் படகில் அமர்ந்து நீரை இறைத்துக்கொண்டே இருப்பவரின் நிலைதான் வேருக்கும். நெல் வேர்களில் கதிரியக்கச் சோடியத்தைக் கொண்டு இந்தப் போக்குவரத்தை அளந்த கனடிய ஆய்வாளர்கள் டெவ் பிரிட்டோ, ஹெர்பர்ட் குரோன்சுக்கர் குழுவினர், அளந்த வேகம் முழுவதும் ஏ.டி.பி. செலவில்தான் நடக்கிறது என்று கொண்டால், அதிக உப்பில் வேரின் மொத்தச் சுவாசமும் அந்தச் செலவுக்குப் போதாது என்று காட்டினர். ஆகவே ஒன்று அளவீடு செல்லுக்கு வெளியே செல்சுவர்களில் நடமாடும் சோடியத்தையும் சேர்த்து எண்ணுகிறது, அல்லது வெளியேற்றத்தைப் பற்றிய நம் புரிதலில் குறை இருக்கிறது. இந்த வாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் மிகக் குறைந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டாலும் செலவு அற்பமானதல்ல என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

உப்புக்கும் சுவாசத்துக்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டறியப்பட்டதும் அல்ல. சுவீடன் நாட்டுத் தாவர உடலியலாளர் ஹென்ரிக் லுண்டேகார்த், 1933இல் பர்ஸ்ட்ரோம் என்பவருடன் சேர்ந்து, தூய நீரிலிருந்து உப்புக் கரைசலுக்கு மாற்றப்பட்ட வேர்கள் கூடுதலாகச் சுவாசிப்பதைப் பதிவு செய்தார். அந்த உயர்வை அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்ளும் வேலையோடு அவர் இணைத்தார். அவர் பயன்படுத்தியவை பயிருக்குத் தேவையான அளவிலான உப்புகளே தவிர, இன்று நாம் பேசும் நச்சு அளவுகள் அல்ல. ஆயினும் சவ்வின் வழியே அயனி நகர்வதும் சுவாசத்தில் எலக்ட்ரான் நகர்வதும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று அந்தக் காலத்திலேயே அவர் கொண்ட எண்ணம், விவரங்களில் பிழைபட்டிருந்தாலும், திசையில் சரியாக இருந்தது.

பின்வந்தவர்கள் சுவாசத்தை வளர்ச்சிச் சுவாசம், பராமரிப்புச் சுவாசம் என்று பிரித்தார்கள். புதிய திசுவைக் கட்டுவதற்கானது முன்னது. இருக்கும் திசுவைச் சிதையாமல் காப்பதற்கும், புரதங்களைப் புதுப்பிப்பதற்கும், அயனிகளை உரிய இடத்தில் நிறுத்தி வைப்பதற்குமானது பின்னது. மருளூமத்தை இனச் செடிகளில் 1981இல் ஷ்வார்ட்ஸும் கேலும் வெளியிட்ட ஆய்வு, மிதமான உப்பிலேயே பராமரிப்புச் சுவாசம் கூடுவதைக் காட்டியது. வளர்ச்சி முடங்குவதால் வளர்ச்சிச் சுவாசம் குறையும். அதே வேளையில் பராமரிப்புச் சுவாசம் கூடும். கூட்டிக் கழித்தால் மொத்தம் ஏறலாம், இறங்கலாம், மாறாமலும் இருக்கலாம். மாறாத எண்ணைக் கண்டு ‘இந்த ரகத்தின் சுவாசத்தை உப்பு பாதிக்கவில்லை’ என்று எழுதப்படும் ஆய்வு முடிவுகளை ஐயத்தோடு படிப்பது நல்லது.

நீரைத் தக்கவைக்கும் செலவு இன்னொன்று. மண்நீர் உப்பாக இருக்கும்போது செல் தன் நீரை இழக்காமல் இருக்க, தன்னுள்ளும் கரைபொருளைக் கூட்ட வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு: சோடியத்தையே எடுத்து வைத்துக்கொள்ளலாம், அல்லது புரோலின், கிளைசின் பீட்டைன், மானிட்டால், சர்க்கரை போன்றவற்றைத் தானே தயாரிக்கலாம். இவற்றின் விலையைத் தாவர உடலியலாளர் ஜான் ரேவன் 1985இல் கணக்கிட்டார். ஒரு மூலக்கூறைச் சேர்க்க ஆகும் ஏ.டி.பி. செலவு, சோடியத்துக்கு சுமார் 3.5, மானிட்டாலுக்கு 34, புரோலினுக்கு 41, கிளைசின் பீட்டைனுக்கு 50, சுக்ரோஸுக்கு ஏறத்தாழ 52. ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து மடங்கு வரையிலான இந்த வேறுபாடு உவர்நிலத் தாவரங்களின் உத்தியை விளக்கிவிடுகிறது. முதிர்ந்த செல்லின் கொள்ளளவில் பெரும்பகுதி வாக்குவோல். நொதிகள் இயங்கும் சைட்டோபிளாசம் அதைச் சூழ்ந்த மெல்லிய படலம். கடற்கரை உவர்நிலச் செடியான உமரி, மலிவான சோடியத்தால் வாக்குவோலை நிரப்பிக்கொண்டு, விலையுயர்ந்த கரிமப் பொருள்களைச் சைட்டோபிளாசத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறது. சோடியத்தை முற்றிலும் விலக்கிவிட்டுக் கரிமப் பொருள்களால் மட்டுமே ஈடுசெய்ய முயலும் பயிர், வளர்ச்சிக்குரிய சர்க்கரையை அதற்கே செலவழித்துத் தீர்த்துவிடும். ஆகவே புரோலின் மிகுதியாகச் சேர்க்கும் ரகம் தாங்குதிறன் மிக்க ரகம் என்று ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படும் முடிவை நான் அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். அதிகம் பாதிக்கப்பட்டதனாலேயே அதிகப் புரோலின் சேர்த்த ரகங்களும் உண்டு.

வாக்குவோலில் பூட்டுவது ஏன் இவ்வளவு இன்றியமையாதது? உவர்நிலத் தாவரங்களின் நொதிகள் உப்பைத் தாங்கும்படி தனியே அமைந்திருக்கும் என்று ஒரு காலத்தில் எதிர்பார்க்கப்பட்டது. கிரீன்வேயும் ஆஸ்மண்டும் 1972இல் உப்பைத் தாங்கும் செடிகளின் நொதிகளையும் தாங்காத செடிகளின் நொதிகளையும் பிரித்தெடுத்து, சோதனைக் குழாயில் உப்புக்கு ஆட்படுத்திப் பார்த்தபோது, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் முடங்கின. உப்பில் செழிக்கும் செடியின் வலிமை அதன் நொதிகளில் இல்லை, அந்த நொதிகளை உப்புத் தீண்டாமல் வைத்திருப்பதில் இருக்கிறது என்பது இதனால் தெளிவானது.

தீண்டிவிட்டால் நடப்பவற்றுள் முக்கியமானது பொட்டாசியத்தோடு நேரும் போட்டி. சைட்டோபிளாசத்தில் பொட்டாசியம் வழக்கமாக 100 மில்லிமோலார் அளவில் இருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் அதைச் சார்ந்தவை. சர்க்கரையை உடைக்கும் பாதையின் இறுதிப் படியிலுள்ள பைருவேட் கைனேஸ் அவற்றுள் ஒன்று. ரைபோசோமில் புரதம் கட்டப்படுவதற்கும் பொட்டாசியம் வேண்டும். சோடியம் அந்த இடங்களில் அமர்ந்தாலும் வேலையைச் செய்வதில்லை. போதாக்குறைக்கு, சோடியம் நுழையும்போது சவ்வின் மின்னழுத்தம் சரிவதால் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் திறந்துகொள்கின்றன. உப்பில் பொட்டாசியத்தை இழக்காத பார்லி ரகங்களே அதிகம் தாங்குகின்றன என்பதைத் தாஸ்மேனியாவில் செர்கே ஷபாலாவின் குழுவினர் பல ரகங்களில் காட்டியுள்ளனர். சரிந்த மின்னழுத்தத்தை மீட்கும் பொறுப்பும் அதே புரோட்டான் பம்பினுடையதுதான். ஆகவே பொட்டாசியத்தைக் காப்பதும் ஏ.டி.பி. செலவாகவே முடிகிறது.

செல்லுக்குள் சர்க்கரையை எரித்து இத்தனை ஏ.டி.பி.யையும் தர வேண்டிய நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவும் உப்பால் பாதிக்கப்படுவதுதான் சிக்கலின் உச்சம். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஹார்வி மில்லரின் குழுவினர் கோதுமை இலைகளில் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, மைட்டோகாண்ட்ரியாவின் எல்லா நொதிகளும் சமமாகப் பாதிக்கப்படுவதில்லை என்று காட்டியது. சர்க்கரை உடைந்து கிடைக்கும் பைருவேட்டை, அதை மேலும் எரிக்கும் கிரப்ஸ் சுழற்சிக்குள் அனுப்பும் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் தொகுதியும், சுழற்சியின் நடுவிலுள்ள 2-ஆக்சோகுளூட்டரேட் டிஹைட்ரஜனேஸ் தொகுதியும் உப்பால் எளிதில் முடங்கும் இடங்கள். சுழற்சி நடுவில் அடைபடும்போது செடி ஒரு சுற்றுவழியைத் திறக்கிறது. குளூட்டமேட்டிலிருந்து ‘காபா’ என்னும் அமினோ அமிலத்தை உண்டாக்கி, அதை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுவந்து சக்சினேட்டாக மாற்றி, அடைபட்ட படியைத் தாண்டிச் சுழற்சியில் மீண்டும் சேர்ந்துகொள்கிறது. சக்சினைல் கோ-ஏ படியில் நேரடியாகக் கிடைக்க வேண்டிய ஒரு ஏ.டி.பி. இந்த வழியில் கிடைக்காது. ஆனாலும் சுழற்சி நிற்பதைவிட இது மேல். இந்தச் சுற்றுவழியின் நொதி ஒன்றை இழந்த அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வக மாதிரிச் செடிகள் உப்பை மிகக் குறைவாகவே தாங்கின என்று 2010இல் பிரான்சில் நடந்த ஆய்வு காட்டியதும் இதற்கு ஒத்துப்போகிறது. உப்பில் வளர்ந்த இலைகளில் காபா சேர்வது பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். அது வெறும் அடையாளமா, பயனுள்ள மாற்றமா என்பதற்கான விடை பின்னரே வந்தது.

அடுத்து, மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் எலக்ட்ரான்களைக் கைமாற்றி ஆக்சிஜனிடம் சேர்க்கும் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி. சர்க்கரையின் எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் என்.ஏ.டி.எச். மூலக்கூறு ஒன்றின் இரண்டு எலக்ட்ரான்கள் சங்கிலி முழுவதையும் கடந்தால் பத்துப் புரோட்டான்கள் சவ்வைத் தாண்டித் தள்ளப்படுகின்றன: முதல் தொகுதியில் நான்கு, மூன்றாவதில் நான்கு, நான்காவதில் இரண்டு. அவை திரும்பிப் பாயும்போதுதான் ஏ.டி.பி. உருவாகிறது. தாவரங்களில் இன்னொரு வழியும் இருக்கிறது. மாற்று ஆக்சிடேஸ் என்னும் நொதி, மூன்றாம் நான்காம் தொகுதிகளைத் தவிர்த்து எலக்ட்ரான்களை நேரே ஆக்சிஜனிடம் சேர்த்துவிடுகிறது. அப்போது கிடைப்பவை நான்கு புரோட்டான்கள் மட்டுமே. மீதி ஆற்றல் வெப்பமாகிறது. ஆற்றல் பற்றாக்குறையில் தவிக்கும் செல், ஆற்றலை வீணாக்கும் நொதியை ஏன் பெருக்க வேண்டும்? சங்கிலியில் எலக்ட்ரான்கள் தேங்கினால் அவை ஆக்சிஜனோடு தாறுமாறாகச் சேர்ந்து சூப்பர் ஆக்சைடாகவும் அதன்பின் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாறி, சவ்வுகளையும் நொதிகளையும் சிதைக்கின்றன. மாற்று ஆக்சிடேஸ் அந்தத் தேக்கத்தை வடித்துவிடுகிறது. அராபிடாப்சிஸில் இந்த நொதியை மிகுவித்தபோது உப்பிலும் வளர்ச்சி மேம்பட்டதாக 2009இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தெரிவித்தனர். ஆக, உப்பில் ஆக்சிஜன் நுகர்வு கூடியிருப்பதாக ஓர் எண் சொன்னால், அந்த உயர்வில் எவ்வளவு ஏ.டி.பி.யாக மாறியது, எவ்வளவு வெப்பமாகப் போனது என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது.

எரிக்கச் சர்க்கரை இருக்கிறதா என்பதும் கால கட்டத்தைப் பொறுத்தது. இலைத்துளைகள் மூடுவதால் ஒளிச்சேர்க்கை குறைகிறது, உள்ளே கார்பன் டை ஆக்சைடு தாழ்வதால் கார்பனைப் பிடிக்க வேண்டிய ருபிஸ்கோ நொதி ஆக்சிஜனையும் பிடித்து, சேர்த்த கார்பனை இழக்கச் செய்யும் ஒளிச்சுவாசத்தைக் கூட்டுகிறது என்பதெல்லாம் பாடநூல்கள் சொல்வதுதான். ஆனால் முதல் கட்டத்தில் ஒளிச்சேர்க்கை குறைவதற்கு முன்பே வளர்ச்சி நின்றுவிடுவதால், சர்க்கரை தற்காலிகமாக மிஞ்சிக்கூட நிற்கிறது. முதிர்ந்த இலைகள் கருகத் தொடங்கிய பிறகுதான் உண்மையான பட்டினி வருகிறது: புதிய இலைகள் தோன்றும் வேகத்தை இலைகள் சாகும் வேகம் மிஞ்சினால், மீதமுள்ள இலைகளால் வேரின் செலவைத் தாங்க முடிவதில்லை. மூன்றாம் நாள் அளந்தவரும் முப்பதாம் நாள் அளந்தவரும் வேறுவேறு முடிவு சொல்வதற்கு இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன். செலவுக் கணக்கையே மாற்றியமைத்துக்கொள்ளும் செடிகளும் உண்டு. பனிச்செடி எனப்படும் மெசெம்பிரியாந்திமம் கிறிஸ்டலினம், உப்பு பட்டதும் தன் ஒளிச்சேர்க்கை முறையையே மாற்றி, இரவில் இலைத்துளை திறந்து கார்பனைச் சேகரிக்கத் தொடங்குகிறது. 1972இல் கிளாஸ் வின்டர், ஃபான் வில்லர்ட் ஆகியோர் இதைக் கண்டறிந்தனர். நெல், கோதுமை, பார்லி போன்ற நம் தானியப் பயிர்களுக்கு அந்த வசதி இல்லை.

நெல்லுக்கு உள்ள தனிச் சிக்கல், உப்பின் ஒரு பகுதி சவ்வையே தீண்டாமல் உள்ளே வந்துவிடுவது. பக்க வேர்கள் முளைக்கும் இடங்களிலும் வேர்நுனியிலும், செல்சுவர் வழியே நீர் புகாமல் அடைக்கும் காஸ்பேரியன் பட்டை முழுமையாக அமையாத இடைவெளிகள் வழியே, செல்சுவர்களுக்குள்ளாகவே நீரோடு சோடியம் நேராக, நீரை இலைக்கு ஏற்றும் குழாயான சைலத்தை அடைகிறது. எந்தப் பம்பும் இதைத் தடுக்க முடியாது. சிலிக்கான் இட்டால் இந்தக் கசிவு குறைகிறது என்பது ஆய்வுகளில் கண்டது. கசிந்து வந்ததை சைலத்திலிருந்து திரும்ப எடுக்கும் மரபணுவை, வங்கப் பகுதியின் நோனா போக்ரா என்னும் நாட்டு ரகத்திலிருந்து 2005இல் சீன ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். கேரளக் கடலோரத்தின் பொக்காளி நெல்லின் முதலாம் குரோமோசோமிலுள்ள ‘சால்ட்டால்’ பகுதியும் இதே இடத்தைச் சேர்ந்தது. பொக்காளியின் வலிமையில் மரபணுவுக்கு மட்டுமல்ல, அதன் வேகமான உயர்ந்த வளர்ச்சிக்கும் பங்கு உண்டு. உள்ளே வரும் சோடியம் பெரிய உடலில் பரவி நீர்த்துப்போகிறது. தமிழகக் கடலோர மாவட்டங்களில் உவர் நிலத்துக்கென்று வைத்திருந்த குழியடிச்சான் போன்ற நாட்டு நெல்களும் பயிரிடப்பட்டு வந்திருக்கின்றன.

இந்தக் கணக்கு முழுவதையும் ஒரே அடியில் குலைப்பது நீர்த்தேக்கம். உப்பு நீர் வயலில் நின்று வேர் ஆக்சிஜன் இழந்தால், ஒரு குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ முப்பது ஏ.டி.பி. பெற்றுவந்த செல் நொதித்தலின் வழி இரண்டை மட்டுமே பெறும். பம்புகள் தளர்கின்றன, அதுவரை தடுத்து வைத்திருந்த சோடியம் இலைக்குப் பாய்கிறது. உப்பு மட்டும், தேக்கம் மட்டும் என்றால் பிழைத்திருக்கக்கூடிய பயிர், இரண்டும் சேரும்போது மாண்டுபோவதை மேற்கு ஆஸ்திரேலியாவின் பாரெட்-லெனார்ட் 2003இல் பல இனங்களின் தரவுகளைத் திரட்டி விளக்கினார். நெல்லின் வேரில் காற்றறைத் திசு இருப்பதால் அது இந்தச் சூழலில் மற்றப் பயிர்களைவிட மேலான நிலையில் இருக்கிறது. பிச்சாவரத்துக் கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேலே மூச்சு வேர்களை நீட்டுவதற்கும் உப்பை விலக்கும் அவற்றின் திறனுக்கும் உள்ள தொடர்பும் இதுவே. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்து வயல்களில் ஏறியது போன்ற நேரங்களில், நின்ற உப்பு நீரை முதலில் வடிப்பதும் பிறகு நல்ல நீரால் கழுவுவதும் உப்பின் அளவைக் குறைப்பதோடு, வேருக்கு மூச்சையும் திருப்பித் தருகின்றன.

ரகத் தேர்வில் சுவாசம் இன்னும் அளக்கப்படுவதில்லை. நாற்றுப் பருவத்தில் இலை கருகும் அளவுக்கு மதிப்பெண் தருவதும், இலையிலுள்ள சோடியம் பொட்டாசியம் விகிதத்தைப் பார்ப்பதும் எளிது, விரைவானது. ஆயிரக்கணக்கான நாற்றுகளின் வேர்ச் சுவாசத்தை அளப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. இதனால் சோடியத்தை விலக்கும் ரகங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன, விலக்குவதற்கு அவை என்ன விலை தந்தன என்பது விளைச்சலில்தான் தெரியவருகிறது. சைலத்திலிருந்து சோடியத்தை மீட்கும் மரபணு ஒன்றைக் காட்டுக் கோதுமை உறவினத்திலிருந்து துரம் கோதுமைக்குக் கொண்டுவந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரானா மன்ஸ் குழுவினரின் முயற்சி இதில் ஓர் அரிய விதிவிலக்கு. 2012இல் அவர்கள் வெளியிட்ட கள ஆய்வில் உவர் நிலத்தில் விளைச்சல் 25 விழுக்காடு கூடியது. உப்பில்லாத நிலத்தில் இழப்பு எதுவும் காணப்படவில்லை. அந்த மரபணுவின் புரதம் மின்னழுத்த வேறுபாட்டின் போக்கிலேயே சோடியத்தைச் செல்லுக்குள் இழுப்பது. அந்தப் படியில் அது ஏ.டி.பி.யை நேரடியாகக் கேட்பதில்லை. பொக்காளியின் தாங்குதிறனோ உயரமான, எளிதில் சாயும் உடலோடு வருகிறது. கடலோர விவசாயிகள் அதைத் தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவிச் செல்லும் மாதங்களில் மட்டும் பயிரிட்டு, உப்பு ஏறும் பிற மாதங்களில் அதே வயலை இறால் வளர்ப்புக்கு விட்டுவிடுகிறார்கள்.